கவுட்டுக்குக் கீல்வாதம் என்று பேர் வைக்காதீர்கள்

போன மாதம் பட்டர்வொர்த்தில் ஒரு மருத்துவ முகாமில் கொடுத்த துண்டறிக்கையிலும், யூரிக் ஆசிட்டால் மூட்டில் வலி வரும் கவுட் (gout) நோயைப் பற்றி அதே வரி: 'மூட்டுநீரைச் சோதித்துக் கீல்வாதத்தை உறுதி செய்யலாம்.' பினாங்கில் இந்தப் பெயர்ப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

கவுட், லத்தீனில் சொட்டு என்று பொருள்படும் 'குட்டா'விலிருந்து வந்தது. கெட்ட நீர் சொட்டுச் சொட்டாக மூட்டில் இறங்குகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். சரி, அது போகட்டும்.

கீல் என்றால் மூட்டு. கதவுக் கீலும் அதுதான். அப்படியானால் கீல்வாதத்தில் தேய்மானமும் அடங்கும், முடக்குவாதமும் அடங்கும், கவுட்டும் அடங்கும். ஆனால் மூட்டுநீரை எடுப்பதே இவற்றைப் பிரித்துப் பார்க்கத்தானே? ஊசியில் இழுத்த நீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துத் தளவிளைவுற்ற ஒளியில் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளியில்) பார்க்கிறார்கள். கவுட் என்றால் யூரிக் ஆசிட்டின் உப்பான யூரேட் ஊசி ஊசியாக மின்னும். நுண்ணோக்கியில் குறித்த அச்சுக்கு இணையாகக் கிடக்கும் ஊசி மஞ்சளாகவும், குறுக்கே கிடப்பது நீலமாகவும் தெரியும். கவுட்டைப் போலவே தோன்றும் வேறொரு மூட்டு நோயான போலி கவுட்டில் கால்சியம் படிகம். பெரும்பாலும் சாய்சதுரம், நிறமும் நேர்மாறு. 1961இல் மெக்கார்ட்டி, ஹாலண்டர் என்ற இரு மருத்துவர்கள் இந்த வழியைக் காட்டினார்கள். வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தத்தில் யூரிக் ஆசிட் சரியான அளவிலேயே இருக்கலாம் என்பதால் மூட்டுநீரின் சாட்சிதான் பெரிது. கிருமித் தொற்று இருக்கிறதா என்பதையும் அதே நீரில்தான் தேடுவார்கள். இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தெடுத்ததை மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் மறுபடியும் குழப்பிவிடுகிறார்!

தூய தமிழ் வேண்டும் என்று சிலர் 'சூலை' என்கிறார்கள். சூலை என்றதும் நமக்கு அப்பர் பட்ட வயிற்று வலிதான் நினைவுக்கு வரும். அதைக் கால் பெருவிரலுக்கு இறக்குவது தமிழுக்குச் செய்யும் நன்மை இல்லை. பழைய சொல் என்பதற்காகவே அது பொருத்தமான சொல் ஆகிவிடாது. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுகிறவர்கள், அதை வாசிக்கப் போகும் நோயாளியை ஒரு நிமிடம் நினைக்க வேண்டாமா?

என் பரிந்துரை 'யூரேட் வாதம்'. எந்த உப்பு என்பது பெயரிலேயே இருக்கிறது. 'யூரிக் ஆசிட் ஏறிடுச்சு' என்று நம்மவர்கள் ஏற்கெனவே பேசுவதோடும் ஒட்டுகிறது. பேச்சில் கவுட் என்றே சொல்லலாம், குற்றமில்லை.

என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். மாமாவுக்குக் கவுட். துண்டறிக்கையைப் படித்த மாமா, "அக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே கீல்வாதம்தான்" என்று யூரிக் ஆசிட்டைக் குறைக்கத் தான் சாப்பிடும் அல்லோபியூரினால் மாத்திரை அட்டையில் பாதியை வெட்டி அம்மாவிடம் கொடுத்துவிட்டார். ஒவ்வாமை வந்தால் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய மாத்திரை அது. நல்லவேளை, அம்மா விழுங்குவதற்கு முன் என்னைக் கேட்டார்.