சிறிய செயற்கைக்கோள், இரண்டு நாடு: செலவை யார் ஏற்பது?

"வெளிநாட்டு யுனிவர்சிட்டி ஒன்றோடு சேர்ந்து க்யூப்சாட் செய்தால் அவர்கள் பணம் தருவார்களா?" க்யூப்சாட் என்ற சின்னஞ்சிறு செயற்கைக்கோள்மேல் ஆசை உள்ள கல்லூரிகளில் முதலில் எழும் கேள்வி இது. பெரும்பாலும் தர மாட்டார்கள். அதற்காகக் கூட்டு வேண்டாம் என்று விட்டுவிடத் தேவையில்லை. இந்தத் துறையில் கூட்டு நடப்பதே அப்படித்தான். நாசா இதைக் கொள்கையாகவே வைத்திருக்கிறது: வெளிநாட்டுக் கூட்டாளியோடு வேலையைப் பகிர்ந்துகொள்ளலாம், தரவைப் பகிர்ந்துகொள்ளலாம், பணம் மட்டும் கைமாறாது. மற்ற நாடுகளும் ஏறக்குறைய இதே வழியில்தான் போகின்றன.

கூட்டாஞ்சோறு மாதிரிதான். ஒரு வீட்டில் அரிசி, ஒரு வீட்டில் பருப்பு, இன்னொரு வீட்டில் பாத்திரம். யாரும் யாருக்கும் காசு கொடுப்பதில்லை. ஆகவே, முழு செயற்கைக்கோளுக்கும் சேர்த்து நிதி தருபவரைத் தேடினால் அலைச்சல்தான் மிஞ்சும். செலவைக் கூறு போட்டு, ஒவ்வொரு கூறுக்கும் ஒரு திட்டத்தைத் தேட வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் இன்ஸ்பயர்சாட்-1. 2022 பிப்ரவரி 14 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி52 ராக்கெட்டில், இஓஎஸ்-04 என்ற பெரிய செயற்கைக்கோளின் துணைப் பயணியாகப் போனது. எடை 8.1 கிலோ. திருவனந்தபுரத்தில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்பக் கழகமும், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகமும் சேர்ந்து செய்தது. சிங்கப்பூரின் நன்யாங் பல்கலைக்கழகமும் தைவானின் தேசிய மத்தியப் பல்கலைக்கழகமும் பங்களித்தன. உள்ளே இரண்டு ஆய்வுக் கருவிகள். சூரியனின் எக்ஸ் கதிரை அளக்கும் கருவி கொலராடோவில் நாசா நிதியில் உருவானது. அயனி மண்டலத்தை அளக்கும் கருவி தைவானிலிருந்து வந்தது. ஏவுதல் இஸ்ரோவுடையது. நான்கு நாட்டு உழைப்பு ஒரே பெட்டிக்குள் இருந்தது, ஆனால் அவரவர் பங்குக்கான பணம் அவரவர் நாட்டுக்குள்ளேயே புழங்கியது. இந்த மாதிரியை மனதில் வைத்துக்கொண்டு மேலே படித்தால் திட்டங்கள் எல்லாம் தெளிவாகப் புரியும்.

ஏவுதல்: பெரிய செலவு, இலவசமாகக் கிடைக்கக்கூடியதும் இதுதான்

ஐக்கிய நாடுகள் சபையின் விண்வெளி விவகார அலுவலகமும் ஜப்பானின் விண்வெளி முகமையான ஜாக்ஸாவும் சேர்ந்து 2015 முதல் நடத்திவரும் கிபோக்யூப் திட்டம் வளரும் நாடுகளின் கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கானது. தேர்வானால், உங்கள் 1யூ செயற்கைக்கோளை, அதாவது 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கொண்டுபோய், அங்குள்ள கிபோ பகுதியிலிருந்து சுற்றுப்பாதையில் விடுவார்கள். ஏவுதலுக்கும் விடுவதற்கும் கட்டணம் இல்லை.

இலவசம் என்றதும் குஷியாகிவிட வேண்டாம். செயற்கைக்கோளைக் கட்டும் செலவு, சோதனைச் செலவு, தரை நிலையச் செலவு எல்லாம் உங்களுடையது. விண்வெளி நிலையத்தில் மனிதர்கள் இருப்பதால் ஜாக்ஸாவின் பாதுகாப்புப் பரிசோதனை கறாராக இருக்கும். பேட்டரிக்கு மட்டுமே கட்டுக்கட்டாகத் தாள் கேட்பார்கள். சுற்றுப்பாதையும் உங்கள் விருப்பம் இல்லை. நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், 51.6 டிகிரி சாய்வில் சுற்றுகிறது, நீங்களும் அங்கேதான். துருவங்களின் மேலே போக வேண்டிய ஆய்வு என்றால் இந்த வாய்ப்பு உதவாது. உயரம் குறைவு என்பதால் ஆயுளும் குறைவு.

இந்தத் திட்டத்தில் முதலில் தேர்வானது கென்யாவின் நைரோபி பல்கலைக்கழகம். 2018 மே மாதம் விடப்பட்ட அந்தச் செயற்கைக்கோள்தான் கென்யாவின் முதல் செயற்கைக்கோள். ஏவுதலை ஐ.நா.வும் ஜப்பானும் தந்தன, கட்டுவதற்கு ரோமில் உள்ள சப்பியென்சா பல்கலைக்கழகமும் இத்தாலிய விண்வெளி முகமையும் துணை நின்றன. பின்னால் குவாத்தமாலா, மொரீஷியஸ், மால்டோவா, இந்தோனேசியா எல்லாம் இதே வழியில் வந்தன. விண்வெளியில் இன்னும் அதிகம் கால் பதிக்காத நாடுகளுக்கு இந்தத் திட்டம் நன்றாகப் பொருந்தும். இலங்கைப் பல்கலைக்கழகங்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். சொந்தமாக ராக்கெட் உள்ள நாட்டிலிருந்து விண்ணப்பிப்பவர்கள், தங்களுக்கு இது ஏன் தேவை என்பதற்கு நல்ல பதில் வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்குப் பழகிய பாதை இஸ்ரோதான். அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-இலும், எஸ்ஆர்எம்சாட் 2011-இலும், சத்யபாமாசாட் 2016-இலும், குமரி மாவட்டத்தின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியுசாட் 2017-இலும் பிஎஸ்எல்வியில்தான் போயின. இப்போது அரசுத் துறைக்கு வெளியே உள்ள எல்லாரும் இன்-ஸ்பேஸ் என்ற மத்திய அரசு அமைப்பின் வழியாகவே அனுமதி வாங்க வேண்டும். தனி செயற்கைக்கோள் கட்டும் அளவுக்கு வசதி இல்லையென்றால் போயம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் கடைசிப் பகுதியான நான்காம் கட்டம் வேலை முடிந்ததும் வீணாகாமல், அதன்மேல் பொருத்திய கருவிகளுக்கு மின்சாரமும் தரைத் தொடர்பும் தந்து சுற்றிக்கொண்டிருக்கும். 2022 ஜூனில் முதல் போயம் பறந்தது; 2024 டிசம்பர் 30-இல் போன நான்காவதில் 24 கருவிகள் இருந்தன. வெளிநாட்டுக் கூட்டாளியிடம் சிறிய கருவி ஒன்று தயாராக இருந்து, அதை விண்ணில் ஒருமுறை சோதித்தால் போதும் என்றால், என்னைக் கேட்டால் க்யூப்சாட்டை விட இதுதான் புத்திசாலித்தனம்.

ஆட்கள்: பணம் அதிகம் புழங்கும் இடம்

கருவிக்கு நிதி கிடைப்பது கஷ்டம். ஆள் போய்வர நிதி கிடைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. ஆனாலும் பலர் இந்த வாய்ப்பைக் கவனிப்பதே இல்லை.

ஐ.நா.வும் ஜப்பான் அரசும் சேர்ந்து கியூஷு தொழில்நுட்பக் கழகத்தில் நானோ செயற்கைக்கோள் பட்டமேற்படிப்புக்கு உதவித்தொகை தருகின்றன. ஆண்டுக்கு முதுநிலைக்கு 3 பேர், முனைவர் படிப்புக்கு 3 பேர் வரை. கல்விக் கட்டணம் இல்லை, மாதப்படி உண்டு, விமானச் செலவும் உண்டு. இதே கழகம் நடத்திய பேர்ட்ஸ் திட்டத்தில்தான் கானா, மங்கோலியா, பூட்டான், நேபாளம் போன்ற நாடுகளின் மாணவர்கள் அங்கே படித்துக்கொண்டே தங்கள் நாட்டின் முதல் செயற்கைக்கோளைக் கட்டினார்கள். இலங்கையின் ராவணா-1 அப்படிப் பிறந்ததுதான். மொரட்டுவையிலுள்ள ஆர்தர் சி. கிளார்க் நிறுவனத்தின் திட்டமாக, ஜப்பானில் படித்த இரண்டு இலங்கைப் பொறியாளர்கள் கட்டிய அது 2019 ஜூன் 17 அன்று விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது.

இந்தியக் கல்லூரிகளுக்கு மத்திய அரசின் திட்டங்கள் சில உண்டு. கியான் திட்டத்தில் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவரை அழைத்துவந்து குறுகிய பாடம் நடத்தலாம். பயணமும் மதிப்பூதியமும் சேர்த்து, 12 முதல் 14 மணி நேரப் பாடத்துக்கு 8,000 டாலர் வரையும், 20 முதல் 28 மணி நேரப் பாடத்துக்கு 12,000 டாலர் வரையும் கிடைக்கும். செயற்கைக்கோளுக்கு ஒரு ரூபாய்கூட இதில் வராது. ஆனால் அவர் வந்து இரண்டு வாரம் இருக்கும்போதுதான் கூட்டு விண்ணப்பம் எழுதப்படும். ஸ்பார்க் திட்டம் இதைவிடப் பெரியது. 2018-இல் தொடங்கியது, ஐஐடி காரக்பூர் ஒருங்கிணைக்கிறது. இரு பக்க ஆசிரியர்களும் மாணவர்களும் போய்வரவும் சேர்ந்து ஆய்வு செய்யவும் பணம் தருகிறது. தேசியத் தரவரிசையில் முன்னணியில் இருக்கும் நிறுவனங்களை மையமாக வைத்த திட்டம் என்பதால், சின்னக் கல்லூரிகள் தரவரிசையில் உள்ள ஒன்றோடு சேர்ந்து போவது நல்லது.

வைபவ் உதவித்தொகை நம் ஆட்களுக்கு ரொம்பவே பொருந்தும். வெளிநாட்டில் ஆராய்ச்சியில் இருக்கும் இந்திய வம்சாவளி அறிஞர் ஒருவர், மூன்று ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு மாதம் இங்கே வந்து வேலை செய்யலாம். மாதம் 4 லட்சம் ரூபாய்; திட்டம் முழுவதற்கும் 37 லட்சம் வரை. நம் கல்லூரிகளில் படித்து வெளிநாட்டு ஆய்வகங்களில் உட்கார்ந்திருக்கும் சீனியர்களின் பட்டியலைப் பழைய மாணவர் சங்கத்திடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

ஆய்வுக்கு நேரடி நிதி

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை பல நாடுகளோடு இருதரப்பு அழைப்புகளை வெளியிடுகிறது. பிரான்சுக்கு 1987 முதல் செஃபிப்ரா, அமெரிக்காவுக்கு 2000 முதல் இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றம் என்று தனி அமைப்புகளும் உண்டு. இருதரப்பு அழைப்புகளில் பொதுவாக ஒரே விண்ணப்பத்தை இங்குள்ளவர் இங்கேயும், அங்குள்ளவர் அங்கேயும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் தாமதமானாலும் மறு பக்க விண்ணப்பம் செல்லாது. கடைசி நாள் இரவு கூட்டாளிக்கு வேறு நேர மண்டலம் என்பதை மறந்துவிட வேண்டாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் ஹொரைசன் யூரோப் பெரிய திட்டம்தான். ஆனால் அதன் நிதியைத் தானாகப் பெறும் நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. இந்தியக் கல்லூரி சேரலாம், பொதுவாகத் தன் செலவை வேறெங்காவது பார்த்துக்கொள்ள வேண்டும். தனி ஆளாகப் போகும் மேரி கியூரி முதுமுனைவர் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) உதவித்தொகைக்கு இந்தத் தடை இல்லை. எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம்.

உள்ளூர் பாகத்துக்கு, அதாவது சர்க்யூட், கட்டமைப்பு, ஆராய்ச்சி மாணவர் சம்பளம் ஆகியவற்றுக்கு, இஸ்ரோவின் ரெஸ்பாண்ட் திட்டம். தனக்கு என்னென்ன ஆய்வு வேண்டும் என்று இஸ்ரோவே பட்டியல் போட்டு வெளியிடுகிறது. அதிலிருந்து ஒரு தலைப்பை எடுத்து எழுதினால் காரியம் எளிது. ஐஐடி மெட்ராஸில் விண்வெளித் தொழில்நுட்ப மையமும், திருச்சி என்ஐடியில் இஸ்ரோவின் தொழில்நுட்ப வளர்ப்பு மையமும் இருக்கின்றன. அருகில் இருப்பவர்கள் அங்கே போய்ப் பேசுவதே முதல் வேலை.

சரி, யாராவது டாலரே அனுப்பினால்?

சில நேரம் வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று நேரடியாகப் பணம் தர முன்வரும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தனியார் கல்லூரிகளை நடத்துவது ஏதாவது ஒரு டிரஸ்ட் அல்லது சொசைட்டி. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை டிரஸ்ட் வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு, அது டெல்லி சன்சத் மார்க்கில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த தனிக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். வாங்கியவர் அதை இன்னொரு கல்லூரிக்குக் கைமாற்றவும் கூடாது. "பக்கத்துக் கல்லூரிக்குப் பதிவு இருக்கிறது, அவர்கள் வழியாக வாங்கிக்கொள்ளலாம்" என்ற யோசனை அங்கேயே முடிந்துபோகிறது.

சட்டத்தால் உருவாக்கப்பட்டு, கணக்குகளைத் தலைமைத் தணிக்கையாளர் கட்டாயமாகத் தணிக்கை செய்யும் அரசு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. ஐ.நா. போன்ற சில அமைப்புகள் தரும் பணத்தைச் சட்டம் வெளிநாட்டு நன்கொடையாகவே பார்ப்பதில்லை. வணிக நடைமுறையில் செய்த சேவைக்கான கட்டணமும் நன்கொடை ஆகாது. நீங்கள் எந்த வகையில் வருகிறீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கல்லூரி ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பணமே கைமாறாத கூட்டிலும் இரண்டு அனுமதிகள் வேண்டும். ஒன்று, ஸ்காமெட் எனப்படும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். விண்வெளிப் பாகங்கள் அதன் ஐந்தாம் பிரிவில் வருகின்றன. பெட்டியில் கட்டி அனுப்பினால்தான் ஏற்றுமதி என்று நினைக்கக் கூடாது. பட்டியலில் உள்ள தொழில்நுட்பத்தின் வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பினாலும் ஏற்றுமதிதான். அமெரிக்கக் கூட்டாளிக்கு அவர் பக்கமும் இப்படி ஒரு சட்டம் உண்டு. கேட்ட விவரத்தை அவர் உடனே தராவிட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, அலைவரிசை. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் பிரிவு அனுமதி தர வேண்டும்; அமெச்சூர் வானொலி அலைவரிசை என்றால் சர்வதேச அமெச்சூர் வானொலிச் சங்கத்தின் ஒருங்கிணைப்பும் வேண்டும். இது மாதக்கணக்கில் இழுக்கும். செயற்கைக்கோள் தயாராகி அலைவரிசைக்காகக் காத்திருப்பது புதிதல்ல.

விண்ணப்பத்தில் வைக்க வேண்டிய தாள்

மதிப்பீட்டுக் குழு முதலில் தேடுவது, யார் எதற்குப் பொறுப்பு என்பதை. ஒரே பக்கத்தில் மூன்று நெடுவரிசை கொண்ட அட்டவணை போட்டால் போதும்: பாகம், செய்பவர், பணம் தருபவர். உதாரணமாக: எக்ஸ் கதிர் கருவி, அங்குள்ள ஆய்வகம், அவர்கள் நாட்டு நிதி. மின்சாரப் பலகை, நம் கல்லூரி, ரெஸ்பாண்ட். மாணவர் பயணம், இருவரும், ஸ்பார்க். அதிர்வுச் சோதனை, அருகிலுள்ள ஆய்வகம், கல்லூரியின் சொந்த நிதி. மூன்றாம் நெடுவரிசையில் ஏதாவது ஒரு இடம் காலியாக இருந்தால் அதைக் காலியாகவே விட்டு, எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். மழுப்பி எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அப்புறம், தேதிகள். நிதி இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்குத்தான் வரும். ராக்கெட் அந்தக் கணக்கைப் பார்த்துப் புறப்படாது. முதன்மைச் செயற்கைக்கோள் தாமதமானால் துணைப் பயணிகளும் காத்திருக்க வேண்டும். 2025 மே 18-இல் பிஎஸ்எல்வி-சி61 தோல்வி அடைந்தது மாதிரி நடந்தால் வரிசையே தள்ளிப்போகும். கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டிக்கும் வசதி பெரும்பாலான திட்டங்களில் உண்டு, ஆனால் காலம் முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும். கேட்கும்போது அதுவரை செலவான பணத்துக்கு ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் கூடவே போக வேண்டும்.