டிஸ்லெக்ஸியாவ 'எழுத்து மயக்கம்'னு சொல்லலாமா?

ஒரு அம்மா, வேற எங்கயோ குடுத்த ரிப்போர்ட்ட கையில வெச்சுக்கிட்டு எங்கிட்ட கேட்டாங்க, "எழுத்து மயக்கம்னு போட்டிருக்கே, படிக்கும்போது மயக்கம் போட்டு விழுந்துருவானா?" சிரிப்பு வந்துச்சு, ஆனா கேள்வி நியாயமான கேள்விதான். டிஸ்லெக்ஸியான்னா, புத்தி நல்லா இருந்தும் வாசிக்கறதும் பிழையில்லாம எழுதறதும் கஷ்டமா இருக்கறது. பிள்ளைங்களுக்கு அது இருக்கான்னு பாக்கற அசெஸ்மென்ட் பண்றதும் அதுக்கப்புறம் அவங்களுக்கு உக்காந்து சொல்லிக்குடுக்கறதும்தான் என் வேலை, இந்தப் பேரால வர்ற குழப்பத்துலயே பாதி நேரம் போயிடுது.

முதல்ல சொல்ல பிரிச்சுப் பாப்போம். கிரேக்கத்துல 'டிஸ்'னா கஷ்டமான, கெட்டன்னு அர்த்தம். துர்நாற்றம், துர்ப்பாக்கியம்னு சொல்றோமே, சமஸ்கிருதத்துலேர்ந்து வந்த அந்த 'துர்'ரும் இந்த 'டிஸ்'ஸும் ஒரே வேர்ல பொறந்த சொந்தக்காரங்க. 'லெக்ஸிஸ்'னா சொல், பேச்சு. நிறைய பேர் இத வாசிப்புன்னு எழுதறாங்க, அது லத்தீன்ல இருக்கற இன்னொரு சொல்லோட கலந்துபோன அர்த்தம். நேரா மாத்தினா 'சொல்லில் சிரமம்', அவ்ளோதான். இந்த 'சொல்'லுங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

பேர வெச்சது ருடால்ஃப் பெர்லின்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர், 1887ல. அவர் பாத்தது பிள்ளைங்கள இல்ல, நல்லா வாசிச்சுக்கிட்டு இருந்து மூளை பாதிப்பால அந்தத் திறமை குறைஞ்சுபோன பெரியவங்கள. சுத்தமா போயிடுச்சுன்னா 'அலெக்ஸியா', இருக்கு ஆனா கஷ்டப்படுதுன்னா 'டிஸ்லெக்ஸியா', அந்த வித்தியாசத்துக்காகத்தான் இந்த 'டிஸ்'ஸே வந்துச்சு. அதுக்கு பத்து வருஷம் முன்னாடி, 1877ல, குஸ்மால்னு இன்னொரு ஜெர்மன் டாக்டர், கண்ணு தெரிஞ்சும் எழுதின சொல்ல வாசிக்க முடியாததுக்கு 'சொல் குருடு'ன்னு ஒரு பேர் குடுத்திருந்தார். 1896ல பிரிங்கிள் மார்கன்னு இங்கிலாந்து டாக்டர் ஒருத்தர் 14 வயசுப் பையன் ஒருத்தனப் பத்தி எழுதினப்போ எடுத்துக்கிட்டதும் இந்தக் குருடத்தான், 'பிறவிச் சொல் குருடு'ன்னு. அந்தப் பையன் பேர் பெர்சி. தன் பேரையே 'ப்ரெசி'ன்னு எழுத்து மாத்தி எழுதினவன், ஆனா அல்ஜீப்ரா போடுவான், எல்லாத்தையும் வாயால மட்டுமே சொல்லிக்குடுத்தா ஸ்கூல்லயே இவன்தான் கெட்டிக்காரன்னு அவன் வாத்தியார் சொன்னாராம். நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னைக்கும் என் டேபிளுக்கு எதிர்ல உக்காருற முக்காவாசிப் பிள்ளைங்களப் பத்தி அவங்க டீச்சர் சொல்றது கிட்டத்தட்ட இதேதான்.

பேர் வெச்சதுல கண் டாக்டர்ங்க முன்னாடி நின்னதால விஷயம் கண்ணுலதான் இருக்குன்னு ஒரு நெனப்பு ஒட்டிக்கிச்சு. எழுத்து ஆடும், தலைகீழா தெரியும், கலர் கண்ணாடி போட்டா சரியாயிடும்னு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. 2009லயே அமெரிக்காவுல குழந்தை டாக்டர்கள் சங்கமும் கண் டாக்டர்கள் சங்கமும் சேர்ந்து, டிஸ்லெக்ஸியாவுக்கு காரணம் கண் இல்ல, கண் பயிற்சிக்கும் கலர் லென்ஸுக்கும் ஆதாரம் கெடையாதுன்னு அறிக்கையே விட்டுட்டாங்க. எழுத்த திருப்பி எழுதறது சின்ன வயசுல எல்லாப் பிள்ளையும் பண்றதுதான், அத மட்டும் வெச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது.

பெரும்பாலான பிள்ளைங்களுக்கு சிக்கல் சத்தத்துல. சொல்லுக்குள்ள இருக்கற ஒலிய பிரிக்கறது, கோக்கறது, வேகமா எடுக்கறது. காது நல்லாவே கேக்கும், மூளை அத கையாளறதுலதான் இழுவை. அதனாலதான் என் டேபிள்ல எழுத்தே இல்லாம ஒரு பகுதி நடக்கும். "கரடி சொல்லு." கரடி. "இப்ப நடுவுல இருக்கற 'ர'வ விட்டுட்டு சொல்லு." மத்த பிள்ளைங்க 'கடி'ன்னு சொல்லி சிரிச்சிரும். எட்டு வயசுப் பிள்ளை ஒண்ணு விரல மடக்கி மடக்கி கர... கரி... அடின்னு தேடிக்கிட்டே இருக்கும், வியர்த்துடும். அதே பிள்ளைகிட்ட கரடிக்கும் மனுஷனுக்கும் என்ன ஒத்துமைன்னு கேளுங்க, ரெண்டும் பால் குடுக்கற விலங்குன்னு டக்குனு வரும். அப்புறம் 'பொகிடு', 'சமிறு'ன்னு அர்த்தமே இல்லாத சொல்லா வாசிக்கக் குடுப்போம், ஏன்னா தெரிஞ்ச சொல்லா இருந்தா முதல் எழுத்தப் பாத்து மீதிய ஊகிச்சுடும், 'குதிரை'ய 'குதித்தான்'னு வாசிக்கும்.

தமிழ்ல இன்னொரு கூத்து இருக்கு. 'கொக்கு'ல கொம்பு கண்ணுக்கு முன்னாடி வருது, வாயில பின்னாடி வருது, பத்தாததுக்கு பின்னாடி ஒரு கால் வேற. 'கெ'ன்னு சொல்லிட்டு அந்தக் கால என்ன பண்றதுன்னு தெரியாம நிக்கிற பிள்ளைங்கள நெறய பாத்திருக்கேன். மத்தபடி எழுத்துக்கும் சத்தத்துக்கும் ஓரளவு பொருத்தம் உள்ள மொழிங்கறதால தப்பு கம்மியா இருக்கும், வேகம்தான் காட்டிக்குடுக்கும். தப்பில்லாம வாசிக்குது ஆனா ஒரு பத்திக்கு அஞ்சு நிமிஷம்னா, அதயும் விட்டுடக் கூடாது.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். இலக்கணத்துல மயக்கம்னா எழுத்துங்க ஒண்ணோட ஒண்ணு சேந்து வர்றது, மெய்ம்மயக்கம்னு படிச்சிருப்போம். அந்த அர்த்தம் வாத்தியாருக்குத் தெரியும், அம்மாவுக்கு தலை சுத்தறதுதான் தெரியும். அதவிட, 'எழுத்து மயக்கம்'ங்கறது அந்தப் பழைய கண் கதையத்தான் திருப்பிச் சொல்லுது, எனக்கு அதான் பெரிய குறை. 'கற்றல் குறைபாடு'ங்கறது தப்பான சொல் இல்ல, ஆனா அது பெரிய குடை, எழுதறதுல வர்ற டிஸ்கிராஃபியா, கணக்குல வர்ற டிஸ்கால்குலியா எல்லாம் அதுக்குள்ள அடங்கும். அதுலயும் குறைபாடுன்னதும் விட்டமின் மாதிரி மாத்திரை கேக்கறாங்க.

'படிப்பு'ங்கற சொல்ல மட்டும் கிட்டயே சேக்காதீங்க. தமிழ்ல 'படி'ங்கறது வாசிக்கறதுக்கும் அதுதான், கல்விக்கும் அதுதான். "அவனுக்கு படிப்பு வராது"ன்னு ஒரு தடவ சொல்லிட்டா எழுத்துக்கூட்ட முடியலங்கற சின்ன விஷயம் மொத்தமா மக்குன்னு ஆயிடும், பெர்சியோட வாத்தியார் பிரிச்சுப் பாத்தத நம்ம சொல்லு ஒண்ணா கட்டிடும்.

நான் எழுதறது 'வாசிப்பு இடர்ப்பாடு', பேசும்போது 'வாசிப்புச் சிரமம்'. முழுசா பொருந்தாது, ஏன்னா ஸ்பெல்லிங் பிரச்சனை, அதாவது பிழையில்லாம எழுதறது, இதுல வெளிய நிக்குது. 'சொல் இடர்'னா கிரேக்கத்துக்கும் கிட்ட, உண்மைக்கும் கிட்ட, ஆனா திக்குவாயான்னு கேப்பாங்க.

அசெஸ்மென்டுக்கு 'மதிப்பீடு'. ஆங்கிலச் சொல்லு லத்தீன்ல 'பக்கத்துல உக்கார்றது'லேர்ந்து வந்து வரி போடற வேலைக்குப் போய் திரும்ப வந்தது, நம்ம மதிப்பீடும் நில மதிப்பு வாசனையோடத்தான் இருக்கு. 'பரிசோதனை'ன்னு மட்டும் பிள்ளைகிட்ட சொல்லாதீங்க, ஊசி போடுவீங்களான்னு கேட்டு கதவுகிட்டயே நின்னுடும். "கொஞ்ச நேரம் என் பக்கத்துல உக்காந்து வெளையாடலாமா"ன்னுதான் நான் கூப்பிடுறது.