தொட்டியில் எரிபொருள் இருந்தும் என்ஜின் நிற்கும்

வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தில் ஒரு கிலோ எரிபொருள் கூடினால் ஒரு கிலோ மருந்து குறையும். அதனால் எரிபொருளை அளந்துதான் நிரப்புவார்கள். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது.

இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டி அகலமானது, ஆழம் குறைந்தது. வயலின் ஓரத்துக்கு வரும்போதெல்லாம் விமானி மிகவும் சாய்ந்து திரும்புகிறார். திருப்பம் சீராக இருந்தால், தலைக்கு மேல் சுழற்றும் வாளியில் தண்ணீர் நிற்பது போல எரிபொருளும் அடியிலேயே நிற்கும். வால் சுக்கானை ஒரு பக்கமாக அதிகம் மிதித்து விமானம் சறுக்கினால், வெளிப்புற இறக்கையின் எரிபொருள் நுனிக்கு ஓடிவிடும். உடலருகே உள்ள குழாய் வாய் காற்றை உறிஞ்சும். நிறைந்த தொட்டியில் இது எளிதில் நேராது. கால் தொட்டியில் நேரும். இதைச் சமாளிக்கத்தான் சில விமானங்களில் இரு இறக்கைகளுக்கும் நடுவே ஒரு சிறு தொட்டி வைக்கிறார்கள். அதில் இருப்பது கொஞ்ச நேரத்துக்கு மட்டுமே போதும்.

என்ஜின் நிற்கும்போது பயிருக்கும் சக்கரத்துக்கும் இடையே மூன்று மீட்டர்தான் இருக்கும். விமானியிடம் மிஞ்சியிருப்பது வேகம். மணிக்கு 225 கிலோமீட்டரில் பறப்பவர் மூக்கைத் தூக்கி வேகத்தை 145க்குக் குறைத்தால், காற்றுத் தடை இல்லாத கணக்கில் ஏறக்குறைய 115 மீட்டர் ஏறலாம். தடை அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அந்தச் சில நொடிகளில் முதல் வேலை, மருந்தைக் கொட்டிவிடுவது.

இதன் பலன் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. டெக்சாஸின் ஓல்னியில் தயாராகும் ஏர் டிராக்டர் 802 அதிகபட்சம் சுமார் 7,250 கிலோ எடையுடன் கிளம்பும். அதில் 3,000 கிலோ மருந்துக் கரைசலாக இருக்கலாம். அதைக் கொட்டியதும் விமானம் தாழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைகிறது. எடையும் குறைந்து வேகமும் குறைவதால், தரையைத் தொடும்போது அடக்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது!

ஓடுதளத்துக்குத் திரும்பும் ஆசைதான் உயிரைப் பறிக்கும். 60 பாகை சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்ப முயன்றால் அந்தக் குறைந்தபட்ச வேகம் 41 சதவீதம் கூடிவிடும். இறக்கை காற்றைப் பிடிக்காமல் விமானம் விழும். எதிரே கிடக்கும் நிலத்தில், உழவுச்சால் ஓடும் திசையிலேயே இறங்க வேண்டும். வளர்ந்த மக்காச்சோளம் சக்கரங்களைப் பற்றி விமானத்தைக் கவிழ்க்கக்கூடும் என்பதால் தாழ்ந்த பயிரே நல்லது. விமானியின் இருக்கை மருந்துத் தொட்டிக்குப் பின்னால், உயரத்தில் இருக்கிறது. எதில் மோதினாலும் முதலில் நொறுங்குவது என்ஜினும், அதற்கடுத்துக் காலித் தொட்டியும்தான்.