இரண்டு நிழல்களின் கணக்கு: எலும்பையும் கொழுப்பையும் ஸ்கேன் எப்படி எடை போடுகிறது?

எலும்பின் அடர்த்தியையும் உடம்பின் கொழுப்பையும் எக்ஸ் கதிரால் அளக்கும் டெக்சா (DXA) ஸ்கேனுக்குப் போகிறவர்களிடம் சென்னை ஸ்கேன் சென்டர்களில் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உடம்பில் உலோகம் ஏதாவது இருக்கிறதா? பெரும்பாலானவர்கள் வளையலையும் செயினையும் கழற்றிவிட்டு, அவ்வளவுதான் என்பார்கள். மறந்துபோவது வேறு சில. கொசுவத்தில் குத்திய ஊக்கு, பேன்ட் ஜிப், பையில் கிடக்கும் சில்லறை, அப்புறம் சின்ன வயதிலிருந்து கழற்றாத வெள்ளி அரைஞாண். அந்த அரைஞாண் கிடக்கிற இடத்துக்கு நேர் பின்னால்தான் கீழ்முதுகு முள்ளெலும்புகள் இருக்கின்றன. டெக்சா அளக்கிற இடமும் அதுதான். வெள்ளியையும் கால்சியத்தையும் பிரித்தறிய இந்த இயந்திரத்தால் முடியாது. எக்ஸ் கதிரை எலும்பைப் போலத் தடுக்கிற எதையும் அது எலும்புக் கணக்கில் சேர்த்துவிடும். விழுங்கிய கால்சியம் மாத்திரை கரையாமல் குடலில் கிடந்து, அதுவும் முதுகெலும்புக்கு நேர் முன்னால் இருந்துவிட்டால், அதற்கும் இதே கதிதான். ஸ்கேனுக்கு முந்தைய நாளிலிருந்தே கால்சியம் மாத்திரையை நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

இயந்திரம் ஏன் இப்படி ஏமாறுகிறது என்று புரிந்துகொண்டால், அது எப்படி அளக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

சாதாரண எக்ஸ்ரே ஒரு நிழல். எலும்பு வெள்ளையாகத் தெரியும், தசை சாம்பல் நிறத்தில் தெரியும். ஆனால் ஓர் இடம் எவ்வளவு வெள்ளை என்பது எலும்பை மட்டும் பொறுத்ததல்ல. அந்த இடத்தில் சதை எவ்வளவு தடிமன், கதிர் எவ்வளவு பாய்ச்சப்பட்டது என்பதையெல்லாம் பொறுத்தது. பருமனானவரின் பலவீனமான எலும்பும் ஒல்லியானவரின் நல்ல எலும்பும் ஒரே சாயலில் தெரியலாம். எலும்புத் தேய்மானம் சாதாரண எக்ஸ்ரேயில் கண்ணுக்குப் பட வேண்டுமென்றால், எலும்பில் உள்ள கால்சியம், பாஸ்பரஸ் தாதுவில் ஏறக்குறைய 30 முதல் 40 சதவீதம் போயிருக்க வேண்டும். அவ்வளவு போன பிறகு தெரிந்து பெரிதாகப் பயனில்லை.

டெக்சா செய்வது, ஒரே இடத்தை இரண்டு விதமான எக்ஸ் கதிரால் பார்ப்பது. ஒன்று ஆற்றல் குறைந்தது, சுமார் 40 கிலோ எலக்ட்ரான் வோல்ட். இன்னொன்று ஆற்றல் கூடியது, சுமார் 70. இயந்திரத்துக்கு இயந்திரம் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். இரண்டு கதிர்களையும் தசையும் தடுக்கிறது, எலும்பும் தடுக்கிறது. ஆனால் தடுக்கிற அளவு வேறு. கனமான அணுக்கள் ஆற்றல் குறைந்த கதிரை அப்படியே விழுங்கிவிடும் தன்மை கொண்டவை. அணு எண் கூடக் கூட இந்த விழுங்கல் மிக வேகமாக, ஏறக்குறைய மூன்றாம் நான்காம் அடுக்கில் ஏறும். கால்சியத்தின் அணு எண் 20, பாஸ்பரஸ் 15. தசையில் அதிகம் இருக்கும் ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜனுக்கு 1, 6, 8. ஆகவே 70-லிருந்து 40-க்கு இறங்கும்போது எலும்புத் தாதுவின் தடுக்கும் திறன் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. தசைக்கோ ஒன்றரை மடங்குகூட ஆவதில்லை.

இதை ஓட்டல் பில்லாக நினைத்துப் பாருங்கள். முதல் கடையில் இட்லி 10 ரூபாய், வடை 15 ரூபாய். பில் 70 ரூபாய் என்று மட்டும் தெரிந்தால் என்ன சாப்பிட்டார் என்று சொல்ல முடியாது. 7 இட்லியாக இருக்கலாம், 4 இட்லியும் 2 வடையுமாக இருக்கலாம், ஒரே இட்லியும் 4 வடையுமாகவும் இருக்கலாம். அதே தட்டுக்கு இன்னொரு கடையின் விலையில் பில் போடுவோம். அங்கே இட்லி 14, வடை 45. பில் 146 என்று வந்தால் சந்தேகமே இல்லை, 4 இட்லி 2 வடைதான். மற்ற இரண்டுக்கும் 98, 194 என்று வந்திருக்கும். இட்லி இருக்குமிடத்தில் சதை, வடை இருக்குமிடத்தில் எலும்புத் தாது, கடைகள் இருக்குமிடத்தில் இரண்டு ஆற்றல்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கணினி இந்த இரண்டு சமன்பாடுகளைத் தீர்க்கிறது.

இந்த யோசனையின் வேர் 1963-ல் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கேமரூனும் சோரன்சனும் அயோடின்-125 என்ற கதிரியக்கப் பொருளை வைத்துக் கையெலும்பின் தாதுவை அளந்து காட்டினார்கள். அப்போது ஒரே ஆற்றல்தான். சதையின் தடிமன் மாறாதிருக்கும் இடத்தில் மட்டுமே அது சரிப்படும். பிறகு கடோலினியம்-153 வந்தது. அது இயல்பாகவே இரண்டு ஆற்றல்களில் கதிர் விடும் என்பதால் முதுகையும் இடுப்பையும் அளக்க முடிந்தது. ஆனால் நேரம் அதிகம் பிடிக்கும், கதிரியக்கப் பொருளும் நாளுக்கு நாள் வலுவிழக்கும். 1987-ல் அதன் இடத்தில் எக்ஸ்ரே குழாய் வந்ததும் ஸ்கேன் சில நிமிடங்களில் முடிந்தது. முதுகும் இடுப்பும் சேர்ந்து உடம்பில் படும் கதிர் சில மைக்ரோ சீவர்ட்தான். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் ஓரிரு நாளில் இயல்பாகவே நம் மேல் படுகிற அளவு அது. டெக்னீஷியன் பல இடங்களில் அதே அறையில் மேசையருகே உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம்.

கொழுப்பைக் கணக்கிடுவதும் இதே உத்திதான். எலும்பே இல்லாத புள்ளியில், உதாரணமாக வயிற்றின் பக்கவாட்டில், தெரியாதவை இரண்டு: கொழுப்பும் கொழுப்பில்லாத திசுவும். கொழுப்பில் கார்பனும் ஹைட்ரஜனும் அதிகம், தசையில் நீர் இருப்பதால் ஆக்சிஜன் அதிகம். வித்தியாசம் சின்னதுதான், ஆனால் அளக்க முடிகிற வித்தியாசம். சிக்கல் எங்கே என்றால், எலும்பும் இருக்கிற புள்ளியில் தெரியாதவை மூன்றாகிவிடும், சமன்பாடு இரண்டுதான். அதனால் எலும்பைச் சுற்றியுள்ள சதையில் கொழுப்பு எந்த விகிதத்தில் இருக்கிறதோ, எலும்புக்கு மேலும் கீழும் அதே விகிதம்தான் என்று கணினி வைத்துக்கொள்கிறது. முழு உடம்பு ஸ்கேனில் இப்படிப்பட்ட புள்ளிகள் கொஞ்சநஞ்சமல்ல. 'கொழுப்பு 31.4 சதவீதம்' என்று ரிப்போர்ட்டில் தசம புள்ளியோடு அச்சாகும் எண்ணில் இப்படி ஓர் அனுமானமும் கலந்திருக்கிறது.

சரி, எலும்பு எண்ணுக்கு வருவோம். அடர்த்தி என்று சொல்கிறோமே தவிர, டெக்சா தருவது கன அளவுக்கான அடர்த்தி அல்ல. நிழலின் பரப்புக்கான அடர்த்தி, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம். எலும்பின் ஆழம் நிழலில் தெரிவதில்லை. ஒரே பொருளில் செய்த இரண்டு கட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 3 செ.மீ. கனசதுரம், மற்றது 4 செ.மீ. இரண்டின் உண்மையான அடர்த்தியும் ஒன்றே. ஆனால் நிழலில் பெரியது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அடர்த்தியோடு தெரியும், கதிர் அதிக ஆழத்தைக் கடந்து வருவதால். குள்ளமான, சிறிய எலும்புகள் உள்ள நம் ஊர்ப் பெண்களுக்கு இது நேரடியாகப் பாதகம். அவர்களுடைய எலும்பு உண்மையில் இருப்பதைவிடப் பலவீனமாகத் தாளில் தெரியும்.

அதோடு ஒப்பீடும் சேர்கிறது. ரிப்போர்ட்டில் எல்லோரும் பார்க்கும் டி-ஸ்கோர், உங்கள் எண் இளவயதினரின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் (ஆளுக்கு ஆள் இயல்பாக இருக்கும் ஏற்ற இறக்கத்தின் அளவு) தள்ளி இருக்கிறது என்பது. உலக சுகாதார நிறுவனம் 1994-ல் வகுத்தபடி, மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழோ இருந்தால் எலும்புப்புரை, அதாவது எளிதில் உடையும் அளவுக்கு எலும்பு பலவீனமான நிலை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே இருந்தால் அடர்த்திக் குறைவு. அந்த இளவயதினர் யார்? இடுப்புக்குப் பெரும்பாலும் பயன்படும் அளவுகோல், அமெரிக்காவில் 20 முதல் 29 வயது வரையுள்ள வெள்ளையினப் பெண்களை அளந்து எடுத்தது. நம் நாட்டிலும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தியர்களை அளந்து ஓர் அளவுகோல் தயாரித்திருக்கிறது. எதனோடு ஒப்பிட்டார்கள் என்பது ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் டி-ஸ்கோரை மட்டும் பார்த்துப் பயப்படுவது நியாயமில்லை என்பது என் கருத்து. மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குக் கீழுள்ள ஆண்களுக்கும் டி-ஸ்கோரே பார்க்கக் கூடாது. சொந்த வயதினரோடு ஒப்பிடும் இசட்-ஸ்கோர்தான் அவர்களுக்கு.

படுக்க வைக்கும் விதத்தில் இருக்கிற நுணுக்கத்தைப் பலரும் கவனிப்பதில்லை. முதுகுக்கு, முழங்காலுக்குக் கீழே ஒரு பெரிய நுரைக்கட்டையை வைத்துக் கால்களைத் தூக்கி வைப்பார்கள். கீழ்முதுகின் வளைவு தட்டையாகி, முள்ளெலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் தனித்தனியாகத் தெரியும். இடுப்புக்கு, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பி ஒரு சட்டத்தில் கட்டுவார்கள். தொடையெலும்பின் கழுத்து இயல்பில் கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. காலை 15 முதல் 25 டிகிரி வரை உள்ளே திருப்பினால்தான் அது மேசைக்கு இணையாக வரும். திருப்பாமல் எடுத்தால் கழுத்து குறுகி விழும். அதே தாது சின்ன நிழலில் அடைபட்டு, எண் கூடுதலாக வரும். இதைப் படத்தில் நாமே சரிபார்க்கலாம். தொடையெலும்பின் உட்பக்கத்தில், கழுத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு புடைப்பு உண்டு. கால் நன்றாகத் திரும்பியிருந்தால் அது அரைகுறையாகத்தான் எட்டிப் பார்க்கும். பெரிதாகத் துருத்திக்கொண்டிருந்தால் கால் சரியாகத் திரும்பவில்லை.

வயதானவர்களின் முதுகு எண்ணிலும் இந்த ஆபத்து உண்டு. முள்ளெலும்பு ஒன்று நொறுங்கி அமுங்கிவிட்டால் தாது அப்படியே இருக்கும், பரப்பு சுருங்கிவிடும். விளைவு, உடைந்த எலும்பு நல்ல எலும்பைவிட அடர்த்தியாகத் தெரியும். மூட்டுத் தேய்மானத்தால் ஓரங்களில் வளரும் எலும்பு முட்களும், சுண்ணாம்பு படிந்த பெருந்தமனியும் எண்ணை ஏற்றிவிடும். முதுகு பிரமாதம், இடுப்பு மோசம் என்று 75 வயதுக்காரருக்கு வந்தால் நம்ப வேண்டியது இடுப்பைத்தான். மற்றவற்றிலிருந்து எண் தனியாக விலகித் தெரியும் முள்ளெலும்பை மருத்துவர் கணக்கிலிருந்து விலக்குவதும் இதனால்தான்.

அடுத்து, மறு ஸ்கேன். போன வருடம் 0.812, இந்த வருடம் 0.795. மாத்திரை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. இந்த இறக்கம் சுமார் 2 சதவீதம். ஒரே ஆளை இறக்கி மறுபடி படுக்க வைத்து அளந்தாலே 1 முதல் 2 சதவீதம் மாறும். மாற்றம் நிஜம்தான் என்று உறுதியாகச் சொல்ல, அந்தப் பிழையின் 2.77 மடங்கைத் தாண்ட வேண்டும். பிழை 1.5 சதவீதம் என்றால் 4 சதவீதத்துக்கும் மேல். அதுவும் அதே இயந்திரத்தில் எடுத்திருந்தால் மட்டும். அண்ணாநகரில் எடுத்ததையும் அடையாறில் வேறு கம்பெனி இயந்திரத்தில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தள்ளுபடி எங்கே கிடைக்கிறதோ அங்கே என்று சென்டரை மாற்றிக்கொண்டிருந்தால், செலவழித்த பணம் வீண்.

காலையில் நடக்க வருகிறவர்களுக்காகப் பூங்கா வாசல்களில் நடக்கும் இலவச எலும்பு முகாம்களில் இருப்பது டெக்சா அல்ல. குதிகாலில் ஒலியலை செலுத்திப் பார்க்கும் கருவி. ஆபத்து யாருக்கு அதிகம் என்று சலித்தெடுக்க அது உதவும். அதில் வரும் எண்ணை மைனஸ் 2.5 கோட்டோடு ஒப்பிட்டு மருந்து தொடங்கக் கூடாது.

உடல் அமைப்பு விஷயத்தில் டெக்சா நமக்குக் காட்டியதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். 2004-ல் லான்செட் இதழில் ஒரு சிறு கட்டுரை வந்தது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் புகைப்படம். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடையின் அளவு, ஒன்றே, 22.3. டெக்சாவில் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மெஷின் இந்த வித்தியாசத்தை ஒருநாளும் காட்டாது. அதே ஆண்டு சென்னையில் நீரிழிவு மருத்துவர் மோகன் குழுவினர் வயிற்றுக் கொழுப்பை டெக்சாவிலும் சி.டி.யிலும் அளந்து, நீரிழிவோடு அதற்குள்ள தொடர்பை எழுதினார்கள். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு வேறு, குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு வேறு. டெக்சாவின் நிழலில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுவதால் அது அவற்றை மதிப்பிடத்தான் முடியும். சி.டி. உடம்பைக் குறுக்காக வெட்டிக் காட்டுவதால் அங்கே இரண்டும் தனித்தனியாகவே தெரியும்.

சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்று ஒன்று உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. கொழுப்பு மைனஸ் 190-லிருந்து மைனஸ் 30 வரை, தசை அதற்கு மேலே 150 வரை. எலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற பகுதிக்கும் ஓர் எண் வரும். இங்கேதான் ஒரு நல்ல வாய்ப்பு வீணாகிறது. கிட்னி கல்லுக்கோ வயிற்று வலிக்கோ எடுத்த சி.டி. படம் நம் வீட்டு பீரோக்களில் எத்தனை கிடக்கிறது! கீழ்முதுகின் முதல் முள்ளெலும்பு அந்தப் படத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கணினியில் அதன் நடுவில் ஒரு வட்டம் போட்டு எண்ணைப் படித்தால் போதும். 2013-ல் அமெரிக்காவில் பிக்ஹார்ட் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, 110-க்குக் கீழே போனால் எலும்புப்புரை இருக்க நல்ல வாய்ப்பு, 160-க்கு மேலே இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. புதிய கதிரும் வேண்டாம், தனிச் செலவும் வேண்டாம். ரிப்போர்ட் எழுதும் கதிரியல் மருத்துவர் அந்த ஒரு வரியையும் சேர்ப்பதை வழக்கமாக்க வேண்டும். நாமும் கேட்டு வாங்கலாம்.

எடை குறைக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் டெக்சாவில் இருக்கிறது. 6 கிலோ குறைந்தது என்றால் அதில் தசை எவ்வளவு? ரிப்போர்ட்டில் கை கால்களின் கொழுப்பில்லாத திசுவை மட்டும் கூட்டி, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஆசிய நாடுகளுக்கான 2019 வரையறைப்படி ஆணுக்கு 7.0, பெண்ணுக்கு 5.4, இவற்றுக்குக் கீழே இருந்தால் தசை குறைவு. ஆனால் கொழுப்பில்லாத திசு என்ற கணக்கில் தண்ணீரும் அடக்கம். சிறுநீரகக் கோளாறால் கால் வீங்கியவருக்கு அந்த வீக்கமும் தசையாகத்தான் எண்ணப்படும். அதனால் அதே வரையறை கைப்பிடி வலிமையையும் அளக்கச் சொல்கிறது. கருவியை முழு பலத்தோடு அழுத்தும்போது ஆணுக்கு 28 கிலோவும் பெண்ணுக்கு 18 கிலோவும் வரவில்லை என்றால், ஸ்கேன் எண் நன்றாக இருந்தாலும் மருத்துவர் விடாமல் மேற்கொண்டு பார்ப்பார்.