திரும்பி வராத எண்ணெய்

மே மாத மழைக்காற்றில் பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரம் சாய்ந்துவிட்டது. அறுக்க வந்தவர் கிருஷ்ணகிரிக்காரர். செயின் சாவை, அதாவது பல் வைத்த செயின் சுற்றி ஓடும் மோட்டார் ரம்பத்தை, முடுக்கி, அதன் மூக்கை ஓர் அட்டைப்பெட்டிக்கு நேரே ஒரு கணம் காட்டினார். அட்டையில் கரும்பொட்டுகள் கோடாகத் தெறித்தன. "எண்ணெய் வருது, சரி" என்று மரத்தில் வைத்தார்.

பைக் இன்ஜினில் ஊற்றும் எண்ணெய் உள்ளேயே சுற்றும். அழுக்கானால் வடித்து மாற்றுவோம். செயின் சாவில் அந்தக் கதை இல்லை. செயின் ஓடும் தகட்டின் காடியில் ஒரு குட்டிப் பம்ப் எண்ணெய் விட்டுக்கொண்டே இருக்கும். வினாடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடும் செயின் அதை இழுத்துப் போய் மூக்கு வளைவில் வீசிவிடும். மிச்சம் மரத்தூளோடு போகும். டாங்குக்கு ஒரு துளிகூடத் திரும்பாது. பெட்ரோல் தீரும்போதெல்லாம் எண்ணெயும் நிரப்பவேண்டும். டாங்க் அளவே அப்படித்தான்.

அவர் ஊற்றியது லாரி இன்ஜினில் வடித்த வேஸ்ட் ஆயில். "காண்ட்ராக்டர் இதைத்தான் சார் குடுக்கிறாரு." அதிலுள்ள உலோகத்துகள் தகட்டையே அரம்போலத் தேய்க்கும், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்கள் மண்ணில் இறங்கும்.

தாவர எண்ணெய் என்றால் என்ன ஆகும்? அதன் மூலக்கூறு முக்காலி மாதிரி: கிளிசரால் பலகை, மூன்று கொழுப்பு அமிலக் கால்கள். பலகையும் காலும் சேரும் எஸ்டர் பிணைப்பு இரும்பில் நன்றாக ஒட்டும். அதே இடத்தில்தான் மண்ணின் நுண்ணுயிர்களும் லிபேஸ் நொதியால் வெட்டுகின்றன. பிறகு கால்களை இரண்டிரண்டு கார்பனாகக் கடித்துத் தின்கின்றன. நம் குடலிலும் லிபேஸுக்கு இதே வேலைதான். பெட்ரோலிய எண்ணெயில் இப்படி வெட்ட வாகான இடம் கிடையாது, அதனால் மட்க வெகுகாலம் ஆகும். 28 நாளில் 60 சதவீதமாவது கரியமில வாயுவாக மாறினால்தான் 'எளிதில் மட்குவது' என்று பெயர் தருகிறது ஒரு சர்வதேசச் சோதனை.

சிக்கலும் இங்கேதான். மண்ணில் கெடவேண்டிய எண்ணெய் டாங்கில் கெடக்கூடாது! கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளை ஆக்ஸிஜன் தாக்கினால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சமையலறை எண்ணெய்த் தூக்கின் வெளிப்பக்கம் விரலில் ஒட்டுமே, அந்தப் பிசுக்கு இதுதான். மாதக்கணக்கில் சும்மா கிடந்தால் செயினே இறுகிவிடும். அதனால் இரட்டைப் பிணைப்பு குறைந்த எண்ணெயாகத் தேர்ந்து, ஆக்ஸிஜனேற்றத் தடுப்பானும், செயினை விட்டுப் பறக்காமல் நூல்நூலாக இழுபட வைக்கும் பாலிமரும் சேர்க்கிறார்கள்.

என் கண் விளக்கெண்ணெய் மேல்தான். அதன் கொழுப்பு அமிலத்தில் சுமார் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக்; ஒரே இரட்டைப் பிணைப்பு. சூரியகாந்தி எண்ணெயைவிடப் பல மடங்கு கெட்டி. மாட்டுவண்டி அச்சுக்கு அதைப் போட்டவர்கள் விவரமானவர்கள்.

இதையெல்லாம் டீ குடித்துக்கொண்டே சொன்னேன். "அப்ப வீட்ல பூரி சுட்ட எண்ணெயை ஊத்தலாமா சார்?" என்றார். சுட்ட எண்ணெய் சூட்டிலேயே பாதி பின்னியிருக்கும். வடிகட்டி ஊற்றினால் அன்றைக்கு ஓடும். அப்படியே மூலையில் போட்டுவிட்டு அடுத்த மழைக்கு எடுத்தால் செயினைத் தட்டித்தான் கழற்றவேண்டும் என்றேன்.