வேகச் சீர்மை: பிசிபி துப்பாக்கிக்கு வேண்டிய சொல்

பிசிபி ஏர் ரைபிள் ('ப்ரீ சார்ஜ்டு நியூமாட்டிக்', சிலிண்டரில் முன்பே அடைத்து வைத்த காற்றால் சுடும் துப்பாக்கி) பற்றித் தமிழில் வரும் விற்பனைக் குறிப்பு, வீடியோ துணைத்தலைப்பு, எதை எடுத்தாலும் 'பவர் கன்சிஸ்டென்ஸி' வருகிற இடத்தில் 'சக்தி நிலைத்தன்மை' என்று உட்கார்ந்திருக்கிறது. போன வாரம்கூட ஒரு குறிப்பில் பார்த்தேன்: 'இந்தத் துப்பாக்கி சிறந்த சக்தி நிலைத்தன்மை கொண்டது.' காசு கொடுத்து வாங்கப்போகிறவருக்கு இதிலிருந்து என்ன புரியும்? பலமான துப்பாக்கி, ரொம்ப நாள் உழைக்கும், இப்படித்தான் புரியும். அங்கே சொல்ல வந்தது அதுவே இல்லை. முதல் குண்டு போன வேகத்தில்தான் இருபதாவது குண்டும் போகிறதா என்பதுதான் விஷயம்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'கன்சிஸ்டென்ஸி' லத்தீனில் 'சேர்ந்து நிற்றல்' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் அது பல வேலை செய்கிறது. மாவுக்கும் பாகுக்கும் சொன்னால் நம் ஊரில் அது பதம். ஒருவர் பேச்சு முன்னுக்குப்பின் மாறாமல் இருந்தால் முரணின்மை. கணக்குப் பாடத்தில் சமன்பாடுகளுக்கு ஒருங்கமைவு. திரும்பத் திரும்பச் செய்யும்போது ஒரே மாதிரி வருவது இன்னொன்று, நமக்கு வேண்டியது இதுதான். 'நியூமாட்டிக்' கிரேக்கத்தில் மூச்சு, காற்று என்ற சொல்லின் வழி வந்தது. 'சார்ஜ்' லத்தீனில் வண்டியைக் குறிக்கும் சொல்லிலிருந்து, பாரம் ஏற்றுவது என்ற பொருளில் வந்தது. மின்சாரம் அந்தச் சொல்லைப் பிற்பாடு எடுத்துக்கொண்டது. அதனால் 'ப்ரீ சார்ஜ்டு' என்பதை 'முன்கூட்டியே மின்னேற்றம் செய்யப்பட்ட' என்று எழுதுவது அப்பட்டமான தவறு. படிக்கிறவர் பேட்டரி வைத்த துப்பாக்கி என்றே நினைப்பார். காற்றை முன்பே அடைத்து வைத்த துப்பாக்கி, அவ்வளவுதான். டயருக்குக் காற்று அடிக்கிறோம், சிலிண்டரில் அடைக்கிறோம். சொல் கையிலேயே இருக்கிறது.

சரி, 'சக்தி'க்கு வருவோம். துப்பாக்கிக்காரர்கள் பவர் என்று பேச்சுவழக்கில் சொல்வது, குழல் வாயை விட்டு வெளியேறும்போது குண்டுக்கு இருக்கும் ஆற்றலை. அதை ஜூலில் அளப்பார்கள். இந்தியாவில் ஆயுத விதிகள் 2016 காற்றுத் துப்பாக்கிக்கு வைத்திருக்கும் 20 ஜூல் வரம்பும் இந்த ஆற்றலுக்குத்தான். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் ஜூலில் வருவது ஆற்றல், வாட்டில் வருவது திறன். இலங்கைப் பாடப்புத்தகத்தில் முதலாவது சக்தி, இரண்டாவது வலு. ஆக யாழ்ப்பாணத்தில் படித்தவர் 'சக்தி' என்று எழுதினால் அது சரியான கலைச்சொல், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சென்னையில் உட்கார்ந்து எழுதுகிறவர் இலங்கை வழக்கை நினைத்து அதைப் போடவில்லை. பவர் என்றால் சக்தி என்று அகராதியின் முதல் வரியில் இருந்தது, போட்டுவிட்டார்.

இதைவிட எனக்குப் பெரிய சண்டை 'நிலைத்தன்மை'யோடுதான். அதை ஏன் இங்கே ஏற்கக்கூடாது என்பதற்குத் துப்பாக்கிக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வால்வுக்குப் போகும் காற்றின் அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி ரெகுலேட்டர். அது இல்லாத பிசிபி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டரில் 200 பார் காற்று (பார் என்பது அழுத்தத்தின் அலகு). விசையை இழுத்தால் உள்ளே ஒரு சுத்தியல் ஸ்பிரிங்கின் வேகத்தில் போய் வால்வின் தண்டை அடிக்கிறது, வால்வு ஒரு நொடியின் மிகச்சிறிய பங்கு நேரம் திறக்கிறது, காற்று பீறிட்டுக் குண்டைத் தள்ளுகிறது. அந்த வால்வை மூடிப் பிடித்திருப்பதும் சிலிண்டரில் உள்ள அதே காற்றழுத்தம்தான். அழுத்தம் மிக அதிகமாக இருக்கும்போது சுத்தியல் அடித்தாலும் வால்வு கொஞ்சமாகத்தான் திறக்கும், உடனே மூடிக்கொள்ளும். அதனால்தான் அளவுக்கு மீறி நிரப்பிய துப்பாக்கி வேகமாகச் சுடாமல் மெதுவாகச் சுடுகிறது, இது புதிதாக வாங்கியவர்களைக் குழப்பும் விஷயம். சுடச்சுட அழுத்தம் குறைகிறது, வால்வு இன்னும் கொஞ்சம் அதிக நேரம் திறந்திருக்கிறது, தள்ளும் அழுத்தம் குறைந்ததைக் கூடுதலாக வரும் காற்று ஈடு செய்கிறது. குண்டின் வேகம் மெல்ல ஏறி, உச்சியில் கொஞ்ச தூரம் சமதரையாகப் போய், அப்புறம் அழுத்தம் போதாமல் இறங்குகிறது. வேகத்தை வரைபடமாகப் போட்டால் வில் மாதிரி வரும். அந்த வில்லின் உச்சியில் இருக்கும் சமதரைக்குள்தான் விவரம் தெரிந்தவர்கள் சுடுவார்கள்.

இப்போது சொல்லுங்கள், அந்தச் சமதரையில் எது நிலைத்திருக்கிறது? அழுத்தம் ஒவ்வொரு சுடலுக்கும் இறங்கிக்கொண்டே இருக்கிறது, வால்வு திறக்கும் நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது. இரண்டும் மாறி, ஒன்றை ஒன்று ஈடுகட்டி, வேகம் மட்டும் சீராக வருகிறது. இதற்குப் போய் நிலைத்தன்மை என்று பெயர் வைத்தால் உள்ளே நடக்கும் வேலையையே மறைத்துவிடுகிறது அந்தச் சொல்.

ரெகுலேட்டர் உள்ள துப்பாக்கியில் கதை வேறு. சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவே ஒரு சின்ன அறை. அறைக்கு முன்னால் ஒரு பிஸ்டன், அதைத் தாங்கிக் கிண்ணம் போல வளைந்த வாஷர்கள் அடுக்கடுக்காக. அறையில் அழுத்தம் குறித்த அளவை, 70 பார் என்று வைத்துக்கொள்வோம், தொட்டதும் பிஸ்டன் வாஷர்களை அமுக்கிக்கொண்டு நகர்ந்து வழியை அடைத்துவிடும். ஒருமுறை சுட்டதும் அறையில் அழுத்தம் விழும், வழி திறக்கும், மறுபடி 70 வந்ததும் அடைக்கும். சிலிண்டரில் 200 இருந்தாலும் 100 இருந்தாலும் வால்வுக்குத் தெரிவது 70தான். சிலிண்டரே 70க்குக் கீழே போனபிறகு ரெகுலேட்டரால் ஒன்றும் செய்ய முடியாது, வேகம் இறங்கத் தொடங்கும்.

இங்கே அறையின் அழுத்தத்தைத் தாராளமாக 'நிலைத்த அழுத்தம்' எனலாம். நிலை என்ற சொல்லுக்கு உரிய இடம் இது. ரெகுலேட்டரைத் தமிழாக்கியே தீர வேண்டும் என்பவர்கள் 'அழுத்த நிலைப்படுத்தி' என்று எழுதட்டும், நான் ஏற்பேன். 'கட்டுப்பாட்டாளர்' என்று எழுதாதீர்கள், அது ஆளைக் குறிக்கும் சொல். மின்விசிறிக்கு எல்லா வீட்டிலும் ரெகுலேட்டர் என்றுதான் சொல்கிறோம், அப்படியே விட்டாலும் தமிழ் கெட்டுப்போகாது.

ஆனால் அழுத்தம் நிலைத்துவிட்டதாலேயே வேகம் சீராகிவிடுமா என்றால், இல்லை. பெல்லட்டின் (காற்றுத் துப்பாக்கிக் குண்டின்) எடை ஒன்றுக்கொன்று வேறுபட்டால் வேகம் மாறும். சுத்தியல் ஓடும் பாதையில் எண்ணெய் பிசுபிசுத்தால் மாறும். ரெகுலேட்டரின் அடைப்பில் ஒரு தூசி மாட்டினால் காற்று கொஞ்சம் கொஞ்சமாக அறைக்குள் கசியும், ராத்திரி முழுக்கச் சும்மா வைத்துவிட்டுக் காலையில் சுட்டால் முதல் குண்டு மட்டும் மற்றவற்றைவிட வேகமாகப் போய் மேலே படும். ஆக, அழுத்தம் மாறியும் வேகம் சீராக வரலாம், அழுத்தம் நிலைத்தும் வேகம் சீரில்லாமல் போகலாம். இரண்டும் இரண்டு விஷயம். இரண்டுக்கும் நிலைத்தன்மை என்று ஒரே பட்டையைக் கட்டினால், பழுது எங்கே என்று கேட்கிறவருக்குப் பதிலே சொல்ல முடியாது.

இன்னொன்று. துப்பாக்கி சுடுதலில் நிலைத்தன்மைக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. சுடுகிறவர் ஆடாமல் நிற்பது நிலைத்தன்மை. பெல்லட் தள்ளாடாமல் பறப்பது நிலைத்தன்மை. ஒரே பக்கத்தில் இந்த இரண்டும் வரும்போது மூன்றாவதாக ஒன்றையும் அதே பெயரில் எழுதினால் படிக்கிறவர் என்ன செய்வார்? 'சொல்லகராதியில் இருக்கிறது, நிலைத்துவிட்ட சொல்' என்கிறார்கள். கப்பலுக்கும் ஆட்சிக்கும் அது நிலைத்த சொல்தான். குண்டின் வேகத்துக்கு யாரோ ஒருவர் யோசிக்காமல் போட்டது, பின்னால் வந்தவர்கள் படியெடுத்தார்கள்.

'ஒத்திசைவு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது இரண்டு பொருள்கள் ஒன்றோடொன்று இசைவது, இங்கே இசைய இன்னொன்று இல்லை. 'மாறாத்தன்மை' கொஞ்சம் கிட்டே வருகிறது. ஆனால் எந்தத் துப்பாக்கியிலும் வேகம் மாறாமல் இருக்காது, எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதுதான் கேள்வி. கூடவும் குறையவும் இடம் தருகிற சொல் வேண்டும்.

அந்தச் சொல் சீர்மை. மூச்சு சீராக இருக்கிறது என்கிறோம், என்ஜின் சீராக ஓடுகிறது என்கிறோம், மழை சீராகப் பெய்தது என்கிறோம். திரும்பத் திரும்ப வருவது ஒரே அளவில் வந்தால் தமிழன் வாயில் தானாக வருவது சீர்தான். எடை போட்டுப் பார்ப்பதைச் சீர்தூக்குவது என்கிறோம். சீர்மைக்குச் சிறப்பு என்றொரு பொருளும் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், முன்னால் வேகம் என்று சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது. ஆற்றலைச் சேர்க்காமல் வேகத்தைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. குண்டைச் சோதிக்கும் குரோனோகிராப் என்ற கருவி அளப்பது வேகத்தை, ஆற்றல் அதிலிருந்து கணக்குப் போட்டு வருவது. வேகம் 1 சதவீதம் கூடினால் ஆற்றல் ஏறக்குறைய 2 சதவீதம் கூடும். அளக்கும் பொருளின் பெயரிலேயே சொல் இருக்கட்டும்.

இந்தியத் துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவன் சுடும் 10 மீட்டர் ஏர் ரைபிளை வைத்தே இது எவ்வளவு முக்கியம் என்று பார்க்கலாம். 0.53 கிராம் பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 7.7 ஜூல். இலக்கைத் தொடுவதற்குள் புவியீர்ப்பில் அது சுமார் 17 மில்லிமீட்டர் இறங்கும். வேகம் 1 சதவீதம் குறைந்தால் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இறங்கும். இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான், புள்ளிக்கணக்கில் 0.1 என்பது கால் மில்லிமீட்டர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் ரைபிளில் தங்கம் வாங்கிய அபினவ் பிந்த்ராவுக்கும் வெள்ளி வாங்கியவருக்கும் இடைவெளி 0.8 புள்ளி.

மொழிபெயர்க்கிறவர்கள் ஒருமுறை துப்பாக்கி சுடும் ஒருவரிடம் 'இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்' என்று கேட்டிருந்தால் போதும். 'எல்லா குண்டும் ஒரே வேகத்துல சீரா போகுது' என்று அவரே சொல்லியிருப்பார். அந்த விற்பனைக் குறிப்பை இப்படி எழுதியிருக்கலாம்: 'சிலிண்டரில் 200 பாரிலிருந்து 80 பார் இறங்கும்வரை இந்தத் துப்பாக்கி சீரான வேகத்தில் சுடும்.' தலைப்பு வேண்டுமானால் 'வேகச் சீர்மை' என்று போடுங்கள். இலங்கை வாசகருக்கு எழுதினால் அழுத்தத்தை அமுக்கம் என்று மாற்றிக்கொள்ளுங்கள், சீர்மை அங்கேயும் அப்படியே நிற்கும்.