அடுத்த அணியின் நாளையை வாங்கி வைத்த ஓக்லஹோமா

2025 மே மாதம், சிகாகோவில் ஒரு பூட்டிய அறை. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் இளம் வீரர்களை எந்த அணி முதலில் தேர்ந்தெடுப்பது என்பதற்கான குலுக்கல். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பந்துகள் ஓர் இயந்திரத்துக்குள் துள்ளுகின்றன. அவற்றில் நான்கு வெளியே வரும். வரிசையைப் பார்க்காமல் கணக்கிட்டால் 14 பந்துகளில் நான்கை 1001 விதமாக எடுக்கலாம். ஒன்றைத் தள்ளிவிட்டு, மீதி 1000 சேர்க்கைகளை பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிக்கட்ட ஆட்டங்களுக்கு, வராத 14 அணிகளுக்குப் பங்கிட்டிருந்தார்கள். மிக மோசமாக ஆடிய மூன்று அணிகளுக்குத் தலா 140. டல்லாஸுக்கு வெறும் 18. வந்த நான்கு எண்களும் டல்லாஸின் சேர்க்கை! அந்த ஆண்டின் முதல் தேர்வான கூப்பர் ஃபிளாக் அங்கே போனார். 82 ஆட்டங்களில் 65இல் தோற்றிருந்த யூட்டாவுக்குக் கிடைத்தது ஐந்தாம் இடம்.

என்.பி.ஏ. கூடைப்பந்தில் இளம் வீரர்களை ஏலம் எடுப்பதில்லை. அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும், அதுதான் டிராஃப்ட். பலவீனமான அணிக்கு முதலில் முறை வந்தால் அது மீண்டு வரும் என்பது எண்ணம். ஆனால் தோற்றால் பரிசு என்றால் வேண்டுமென்றே தோற்பவர்களும் வருவார்களே! அதனால்தான் 1985இல் குலுக்கல் வந்தது. கடைசி அணிக்கு 25 சதவீதமாக இருந்த முதலிட வாய்ப்பையும் 2019இல் 14 ஆகக் குறைத்தார்கள்.

குலுக்கலில் வென்றாலும் இன்னொரு இருட்டு இருக்கிறது. பத்தொன்பது, இருபது வயதுப் பையன் ஐந்து வருடம் கழித்து எப்படி ஆடுவான் என்று யாரால் சொல்ல முடியும்? பின்னாளில் லீகின் மிகச் சிறந்த வீரராக வளர்ந்த நிகோலா யோகிச்சை 2014இல் 40 பேருக்குப் பிறகுதான் எடுத்தார்கள். ஆகவே ஒரே ஒரு தேர்வைத் துல்லியமாகச் செய்ய முயல்வதைவிட, மற்ற அணிகளின் வருங்காலத் தேர்வு உரிமைகளையும் பேரம் பேசி வாங்கி, நிறையத் தேர்வுகளைச் சேர்த்து வைப்பதே அறிவு என்பது என் உறுதியான எண்ணம். அதைச் செய்துகாட்டியவர் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் பொது மேலாளர் சாம் பிரெஸ்டி.

2019 ஜூலையில் அவர் தன் நட்சத்திரம் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தார். பதிலுக்கு ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞரும் டானிலோ கலினாரியும் வந்தார்கள். கூடவே, டிராஃப்டின் முதல் சுற்றில் வீரர்களை எடுக்கும் உரிமைகள் ஐந்து. அவற்றில் கிளிப்பர்ஸின் சொந்தத் தேர்வுகள் 2022, 2024, 2026 ஆண்டுகளுக்கானவை. ஏன் ஒன்றுவிட்டு ஒன்று? வரும் இரண்டு ஆண்டுகளில் தொடர்ச்சியாக முதல் சுற்றுத் தேர்வே இல்லாமல் எந்த அணியும் போகக்கூடாது என்பது விதி. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லாண்ட் அணியின் உரிமையாளர் டெட் ஸ்டெபியன் தேர்வுகளை வாரிக்கொடுத்ததால் வந்த விதி அது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இடையில் நின்ற 2023, 2025 ஆண்டுகளுக்கு பிரெஸ்டி இடமாற்று உரிமை வாங்கிக்கொண்டார். கிளிப்பர்ஸின் முறை தன்னுடையதைவிட முன்னால் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். அழகான பூட்டு!

கிளிப்பர்ஸ் அப்போது பலமான அணி. அந்தத் தேர்வுகள் சுற்றின் கடைசியில்தான் விழும் என்று தோன்றியது. ஆனால் 2021இல் கிளிப்பர்ஸின் நட்சத்திரம் காவை லெனர்டின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அடுத்த பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. கிளிப்பர்ஸ் பிளேஆஃபைத் தவறவிட்டது. அவர்களுடைய 2022 தேர்வு 12ஆம் இடத்துக்கு ஏறிவந்தது. சாண்டா கிளாரா பல்கலைக்கழகத்தின் ஜேலன் வில்லியம்ஸை அதில் எடுத்தது ஓக்லஹோமா. பிரெஸ்டியின் அணியும் அந்த ஆண்டுகளில் ஏராளமாகத் தோற்றது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 2021-22இல் 58 தோல்விகள். அதன் பலனாக இரண்டாம் இடத்தில் செட் ஹோம்கிரன் கிடைத்தார்.

முதல் சுற்றில் எடுக்கப்படும் வீரரின் சம்பளம் தேர்வு வரிசைப்படி நான்கு ஆண்டுகளுக்கு வரையறுக்கப்பட்டுவிடும். திறமை வளர்ந்தாலும் அந்தக் காலத்தில் சம்பளம் பெரிதாக ஏறாது. சம்பள உச்சவரம்பு உள்ள லீகில் இது பெரிய கொடை. மிச்சமாகும் தொகையில் இன்னும் நல்ல ஆட்டக்காரர்களை வைத்துக்கொள்ளலாம்.

2025 இறுதிச்சுற்றில் இந்தியானாவுடன் தொடர் 2-2 என்று நின்றபோது, ஐந்தாம் ஆட்டத்தில் வில்லியம்ஸ் 40 புள்ளிகள் எடுத்தார். ஏழாவது ஆட்டத்தில் கோப்பை ஓக்லஹோமாவுக்கு வந்தது. அப்போது வில்லியம்ஸ் அந்த நான்காண்டு முதல் ஒப்பந்தத்தின் மூன்றாம் ஆண்டில் இருந்தார். கிளிப்பர்ஸின் 2026 தேர்வு அன்றும் பிரெஸ்டியின் கையிலேயே இருந்தது.